நார் குடித்த நீர்

மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு உமையாள் அம்மை பொறுப்பேற்றபோது அவருக்கு நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. தலை நரைக்காத குருவிடம் என்னத்தைக் கேட்பது என்று, தேடி வந்தவர்களில் பாதிப் பேர் மோரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். தங்கியவர்களிடம் அம்மை முதலில் கேட்பது ஒன்றைத்தான்.

"என்ன வேலை தெரியும்?"

பிச்சாண்டி வந்தபோதும் அதையே கேட்டார்.

பிச்சாண்டிக்கு அறுபதை நெருங்கிய வயது. காகித ஆலையில், மரக்கூழ் அடிக்கும் பிரிவில், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை இருந்தவர். கனத்த உடம்பு. கனத்த குரல். இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் மெல்லப் பேச வராது.

"கூழ் அடிக்கத் தெரியும்," என்றார்.

"வேற?"

"வேற ஒண்ணும் தெரியாதும்மா."

"எதுக்கு வந்தீங்க?"

பிச்சாண்டி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"என் சம்சாரம் சொர்ணம் போய்ச் சேர்ந்துட்டா. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. பாடை தூக்கினப்பவும் வரல. காரியத்தன்னிக்கு என் மக எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா, 'உங்களுக்கு ஈரமே இல்லப்பா'ன்னு. அவ சொன்னது நெசமா பொய்யான்னு தெரிஞ்சுக்கணும்."

அம்மையும் அந்தக் கைகளைப் பார்த்தார்.

"பட்டறை பின்னால இருக்கு," என்றார். "செண்பகம் காட்டுவா."

பிச்சாண்டி பதிலுக்காக நின்றார். அம்மை அவரைத் தாண்டி, அடுத்து வந்தவரைப் பார்த்து, "என்ன வேலை தெரியும்?" என்று கேட்டார்.

*

அந்த ஆசிரமம் தாள் செய்து பிழைத்தது. தாள் என்றால் கடையில் விற்கிற மெல்லிய தாள் இல்லை. கீழே ஊரில் கண் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே ஆசிரியர்கள் சட்டத்தில் தாளைப் பொருத்தி, ஊசிக்கோலால் புள்ளி புள்ளியாகக் குத்திப் பாடம் எழுதுவார்கள். பிள்ளைகள் விரலால் தடவிப் படிப்பார்கள். அதற்குத் தடித்த, உறுதியான தாள் வேண்டும். அதைத்தான் பட்டறையில் செய்தார்கள்.

செண்பகம் பட்டறையின் பொறுப்பாளி. பேச்சில் வெடுக்கென்று இருப்பாள், கையில் நிதானம். கூழைச் சல்லடையில் ஏந்தி, ஒரே ஆட்டத்தில் பரப்பித் தாளாக்குவாள். பிச்சாண்டியைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். கூழடிக்கும் தொட்டியை அவரிடம் ஒப்படைத்துவிட்டாள்.

அது நீள்வட்டத் தொட்டி. ஒரு பக்கம் இரும்புப் பட்டைகள் பதித்த உருளை சுழலும். கூழ் தண்ணீரோடு சுற்றிச் சுற்றி வந்து, அந்த உருளைக்கும் அடித்தட்டுக்கும் நடுவே நசுங்கிப் போகும். மேலே ஒரு திருகு. இறுக்கினால் உருளை அழுத்தும், தளர்த்தினால் தடவும். ஆலையில் பிச்சாண்டி பார்த்த இயந்திரங்களுக்கு முன்னால் இது விளையாட்டுச் சாமான். ஆனாலும் அதன் முன் நின்றதும் அவருக்கு மூச்சு சீரானது.

மழைக்காலத்தில் பட்டறையின் கொப்பரை வெடித்துப் போயிருந்தது. அதற்கு முன்னால் சவுக்குச் சிராய்களை அவர்களே சோடாக் காரத்தில் வேகவைத்துக் கூழாக்குவார்கள். கொப்பரை போன பிறகு வெளியிலிருந்து காய்ந்த கூழ் அட்டைகள் வந்தன. அட்டையைக் கிழித்துத் தண்ணீரில் போட்டு அடித்தார்கள். பார்வைக்குத் தாள் முன்போலவேதான் இருந்தது.

ஒருநாள் முற்பகலில் பள்ளியிலிருந்து லூர்துமேரி டீச்சர் வந்தார். அவருக்கும் பிறவியிலேயே பார்வை இல்லை. பஸ் கண்டக்டர் வாசல் வரை கொண்டுவந்து விட்டுப் போனார். கையில் ஒரு கட்டுத் தாள்.

"செண்பகம், கோவிச்சுக்காத," என்றார். "புள்ளி நிக்க மாட்டேங்குது."

"ஏன் டீச்சர்?"

"நான் குத்தறப்போ நல்லாத்தான் எழும்புது. நாலு பிள்ளைங்க விரல் போனதும் படுத்துடுது. நேத்து ஒரு பொண்ணு, 'டீச்சர், இந்தப் பக்கத்துல ஒண்ணுமே இல்லை'ன்னு சொல்றா. பக்கம் நிறையப் பாடம் எழுதியிருக்கேன்."

செண்பகத்தின் முகம் வாடியது. லூர்துமேரி சொன்னார்: "வர்ற லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள எல்லாப் புத்தகத்தையும் எழுதியாகணும். வேற தாள் எங்களுக்குத் தோதுப்படாது. கொஞ்சம் பாருங்க."

தொட்டியின் பக்கத்தில் நின்ற பிச்சாண்டி ஒரு தாளை எடுத்து ஓரத்தைக் கிழித்தார். கிழிந்த இடத்தில் பஞ்சு மாதிரி நார் பிரிந்தது.

"கூழுக்கு அடி பத்தல," என்றார். "அவ்வளவுதான். நாளைக்கே சரி பண்ணித் தர்றேன்."

*

சொன்னபடி செய்தார். காய்ந்த அட்டைகளைக் கிழித்துப் போட்டு, அவை நனைந்தும் நனையாமலும் இருக்கும்போதே உருளையை ஓட விட்டார். திருகை இறுக்கினார். தொட்டி அதிர்ந்தது. செண்பகம் காதைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் தாள் வெளியே வந்தபோது வழவழவென்று இருந்தது. செண்பகம் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"கடைத் தாள் மாதிரில்ல இருக்கு!"

பிச்சாண்டி சிரிக்கவில்லை. ஆனால் அன்று சாப்பாட்டில் இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கினார்.

லூர்துமேரி வந்து, சட்டத்தில் தாளை வைத்து ஒரு வரி குத்தினார். திருப்பி விரலை ஓட்டினார். விரல் பாதியிலேயே நின்றது.

"ஐயா, இது புள்ளி இல்ல."

"பின்னே?"

"ஓட்டை."

பிச்சாண்டி வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். குத்திய இடமெல்லாம் தாள் வெடித்திருந்தது. ஊசிமுனை போல வெளிச்சம் வரிசையாகத் தெரிந்தது.

லூர்துமேரி தாளை மடிக்காமல் அப்படியே பையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே தடவி நடந்து போனார். அவர் திட்டியிருந்தால் பிச்சாண்டிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிச்சாண்டி நேராக அம்மையிடம் போனார்.

"இந்தக் கூழு சரியில்லம்மா. செத்த கூழு. இதை வச்சுக்கிட்டு நான் ஒண்ணும் பண்ண முடியாது. வேற வாங்கித் தாங்க."

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க, பார்ப்போம்."

தொட்டியடிக்கு வந்து, அதன் விளிம்பில் உட்கார்ந்தார். பிச்சாண்டியை எதிரே உட்காரச் சொன்னார்.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது," என்றார். "சொல்லிக்கொடுங்க."

"உங்களுக்கா?"

"எனக்குத்தான். செத்த கூழுன்னா என்ன?"

பிச்சாண்டி முதலில் தயங்கினார். பிறகு ஆலைக்குப் புதிதாக வரும் ஆட்களுக்குச் சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"மரத்துல நார் ஒவ்வொண்ணும் ஒரு மெல்லிசான குழாய்ம்மா. கண்ணுக்குத் தெரியாது. மரம் உயிரோட இருக்கறப்போ அந்தக் குழாய்ச் சுவர் முழுக்கத் தண்ணி. சுவருக்குள்ள சந்து சந்தா இருக்கும், அத்தனை சந்துலயும் தண்ணி நிக்கும். வேகவச்சுக் கூழாக்கினாலும் அந்தத் தண்ணி போகாது. அப்படியே ஈரத்தோட அடிச்சா, நார் நல்லா ஊதி மெத்துனு இருக்கும்."

"இந்த அட்டையில?"

"இது ஒருக்காக் காஞ்சு வந்தது. காயறப்போ அந்தச் சந்தெல்லாம் மூடிக்கும். சுவரும் சுவரும் ஒட்டி இறுகிடும். மறுபடி தண்ணியில போட்டா, மேல நனையும். உள்ளே போகாது. பழையபடி ஊதாது. நாங்க அதைக் கொம்பாயிடுச்சுன்னு சொல்வோம்."

"மாட்டுக் கொம்பு மாதிரியா?"

"ஆமாம்மா. விறைப்பா, வழவழன்னு."

"அது ஏன் காஞ்சுது?"

"அதுவா காயலம்மா. காய வச்சாங்க. தூரத்துக்கு அனுப்பணும்ல. ஈரத்தோட அனுப்பினா அழுகிடும், கனம் வேற. சூட்டு உருளையில ஓட்டிக் காய வச்சாத்தான் கெடாம வந்து சேரும்."

"அப்ப, கெடாம இருக்கத்தான் காஞ்சிருக்கு."

பிச்சாண்டி ஒரு அட்டைத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதை அடிச்சா என்ன ஆகும்?"

"ஊறினதை அடிச்சா, நாரோட மேல்தோல் பிரிஞ்சு தும்பு தும்பா எழும்பும். அந்தத் தும்பெல்லாம் தண்ணி பிடிக்கும். மூடின சந்துகூடக் கொஞ்சம் திறக்கும். தாளாக்கறப்போ ஒரு தும்பு இன்னொரு தும்பைப் பிடிச்சுக்கும்."

"ஊறாததை அடிச்சா?"

பிச்சாண்டி தொட்டிக்குள் பார்த்தார். அவர் அடித்த கூழின் மிச்சம் அடியில் மாவு மாதிரி படிந்திருந்தது.

"முறிஞ்சுடும்," என்றார்.

"நீங்க ஊற விட்டீங்களா?"

"இல்லம்மா. டீச்சருக்கு அவசரம்னு..."

"டீச்சர் அவசரம்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க. ஆனா மறுநாளே வேணும்னு சொல்லல. அது நான் சொன்னது."

அம்மை எழுந்தார். புடவையில் ஒட்டிய ஈரத்தைத் தட்டிவிட்டார்.

"கூழு செத்ததா இல்லையான்னு எனக்குத் தெரியல. நீங்க சொன்னதிலேருந்து பார்த்தா, அதுக்கு இன்னும் தண்ணி காட்டலைன்னுதான் தோணுது. ஊறப் போடுங்க."

"எவ்வளவு நேரம்மா?"

"அது உங்களுக்குத்தான் தெரியும். நான் இன்னைக்குத்தான கத்துக்கிட்டேன்."

"அது ஊறற வரைக்கும் நான் என்ன பண்ணட்டும்?"

"பக்கத்துல இருங்க."

*

சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர் பிச்சாண்டி. கிழித்த அட்டைகளைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரை நிறைத்த பிறகு, உட்கார்ந்தார், எழுந்தார், சல்லடைகளை அடுக்கினார், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார். செண்பகம் பார்த்துவிட்டு, "ஐயா, அதுங்க என்ன தப்புப் பண்ணுச்சு?" என்று கேட்டாள். பிறகு ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

வெயில் இறங்கத் தொடங்கியபோது அம்மை வந்து தரையில் உட்கார்ந்தார். கையில் அதே கீரை முறம்.

தண்ணீரில் அட்டைத் துண்டுகள் மெல்ல ஓரம் கலைந்துகொண்டிருந்தன. பிச்சாண்டி ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"இன்னும் ஆகல," என்றார்.

அம்மை தலையாட்டினார்.

நேரம் போயிற்று. பிச்சாண்டி தண்ணீரைப் பார்த்தபடியே திடீரென்று சொன்னார்:

"சொர்ணம் ஸ்பூன்லதான் சாப்பிடுவா."

அம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க பக்கத்துல யாரும்மா சோத்தை ஸ்பூன்ல சாப்பிடறாங்க? கல்யாணமான புதுசுல ரெண்டு மூணு மாசம் கையாலதான் சாப்பிட்டா. அப்புறம் ஸ்பூன். நான் கேலி பண்ணுவேன். 'எங்க வீட்டுத் துரைசாணி'ம்பேன். சொந்தக்காரங்க வந்தா அவங்க முன்னாடியும் சொல்லிச் சிரிப்பேன். அவளும் சிரிப்பா."

"ம்."

"ஆலையில அந்த வாடை இருக்கு பாருங்க, அழுகின முட்டை வாடை. சட்டையில ஏறிடும், தலைமுடியில ஏறிடும். பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தவன் எந்திரிச்சுப் போயிடுவான். சொர்ணம் ஒருநாளும் மூக்கைச் சுளிச்சதில்ல. வாசல்லயே நிப்பா. சட்டையைக் கழட்டிக்கொடுத்தா வாங்கிட்டுப் போய் அப்பவே துவைச்சுப் போடுவா. அவளுக்கு மூக்கே வேலை செய்யலன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

பிச்சாண்டி முக்காலியில் சற்று முன்னால் நகர்ந்தார்.

"நான் ரிட்டயர் ஆனேன். மறுவாரம் பார்க்கறேன், கையால பிசைஞ்சு சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. 'என்ன துரைசாணி, ஸ்பூன் எங்கே?'ன்னேன். 'தொலைஞ்சு போச்சுங்க'ன்னா. அதோட விட்டுட்டேன். காரியத்தன்னிக்கு என் மக சொல்றா: 'அம்மாவுக்கு அந்த வாடை ஆகவே ஆகாதுப்பா. உங்க சட்டையைத் துவைச்ச கையை எவ்வளவு கழுவினாலும் அது போகாது. வாய்கிட்ட கொண்டுபோக முடியாமத்தான் ஸ்பூன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. சொன்னா நீங்க ஆலையிலேருந்து நேரா வீட்டுக்கு வரக் கூச்சப்படுவீங்களாம்.'"

அம்மையின் கை கீரையில் நின்றிருந்தது.

"அதைக் கேட்டும் எனக்கு அழுகை வரலம்மா. மரம் மாதிரி நின்னேன். அப்பத்தான் மக சொன்னா, ஈரம் இல்லைன்னு."

பிச்சாண்டி தொட்டிக்குள் கையை விட்டார். ஒரு துண்டை எடுத்து நசுக்கினார். அது விரலிடுக்கில் தயிர்போலப் பிதுங்கி வந்தது.

"ஊறிடுச்சு," என்றார்.

*

மறுநாள் காலையில் உருளையை ஓட்டினார். இந்த முறை திருகை அவர் இறுக்கவில்லை. உருளை கூழைத் தொட்டும் தொடாமலும் சுழலும்படி தளர்த்தி வைத்தார். தொட்டி அதிரவில்லை. பிள்ளைக்குத் தலை துவட்டுகிற சத்தம்தான் வந்தது. கூழ் சுற்றிச் சுற்றி வந்தது. அவரும் விளிம்பைப் பிடித்தபடி கூடவே நின்றார். அவ்வப்போது ஒரு கை அள்ளிப் பார்ப்பார், சும்மா இருந்துவிடுவார்.

"ஐயா, அன்னைக்கு மாதிரி ஒரு அழுத்து அழுத்தினா சீக்கிரம் முடியாதா?" என்றாள் செண்பகம்.

"முடியும்," என்றார் பிச்சாண்டி. "அதான் வேணாங்கறேன்."

மதியத்துக்குப் பிறகு கூழ் மாறத் தொடங்கியது. அள்ளினால் இளநீர் வழுக்கைபோலக் கையில் வழுக்கியது. செண்பகம் சல்லடையை அதில் முக்கித் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"ஐயா, தண்ணி இறங்க மாட்டேங்குது."

"என்னது?"

"முந்தியெல்லாம் தூக்கின உடனே கொட்டிடும். இது சொட்டுச் சொட்டாத்தான் விழுது. கெட்டுப் போச்சா?"

பிச்சாண்டி குனிந்து பார்த்தார். சல்லடைக்கு அடியில் ஒரு துளி திரண்டு, யோசித்து, விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

அவர் சிரித்துவிட்டார். ஆசிரமத்துக்கு வந்த பிறகு செண்பகம் அவர் சிரித்துப் பார்த்தது அன்றுதான்.

"கெடலம்மா. குடிச்சிருக்கு. வாங்கினதை விட மனசு வரல அதுக்கு. பொறுமையா இரு."

தாள்களைக் கம்பளித் துணிகளுக்கு நடுவே அடுக்கி அழுத்தினார்கள். வெயிலில் தகரத்தின் மேல் போட்டால் சீக்கிரம் காயும். பிச்சாண்டி ஒத்துக்கொள்ளவில்லை. பட்டறைக்குள் நிழலில், கயிற்றில் தொங்கவிட்டார். பிறகு பலகைகளுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றினார். காய்ந்து வந்த தாள் கடைத் தாள் மாதிரி வழவழப்பாக இல்லை. தடவினால் கன்றுக்குட்டியின் நெற்றி மாதிரி லேசாகச் சொரசொரத்தது. சுண்டினால் கணீரென்றது.

*

லூர்துமேரி வந்து உட்கார்ந்தார். தாளைச் சட்டத்தில் வைத்து ஊசிக்கோலால் குத்தத் தொடங்கினார். பிச்சாண்டி எட்டத்தில் நின்றார். செண்பகம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் தாளைத் திருப்பி, விரலை ஓட்டினார். வரி முடியும்வரை விரல் நிற்கவில்லை. மறுபடி ஓட்டினார். பிறகு உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்தார். மறுபடி விரல்.

"நிக்குது," என்றார்.

செண்பகம், "அம்மாடி!" என்றாள்.

"பழைய தாளைவிட நல்லா நிக்குது. யாரு அடிச்சது? அந்த ஐயாதானே? எங்கே இருக்கீங்க?"

"இங்கதான் இருக்கேன்," என்றார் பிச்சாண்டி.

லூர்துமேரி குரல் வந்த பக்கம் எழுந்து போய், கையை நீட்டித் தேடினார். பிச்சாண்டியின் கையைப் பிடித்து, இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்கய்யா. அந்தப் பொண்ணு இனிமே ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல மாட்டா."

பிச்சாண்டி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"விடுங்க டீச்சர். கையெல்லாம் கூழு. வாடை அடிக்கும்."

"அடிக்குது," என்றார் லூர்துமேரி. விடவில்லை. "எங்க அப்பா தோல் பதனிடற இடத்துல வேலை பார்த்தாரு. இந்த வாடையெல்லாம் எந்த மூலைக்கு! அவர் தெருமுனை திரும்பறப்பவே எனக்குத் தெரிஞ்சிடும். கண்ணு தெரியற எங்க அண்ணன் பார்க்கறதுக்கு முன்னாடி, 'அப்பா வந்தாச்சு'ன்னு நான்தான் கத்துவேன்."

"அந்த வாடை உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

"பிடிக்கறதாவது! குமட்டும். ஆனா அது வராத ராத்திரி எனக்கும் எங்க அம்மாவுக்கும் சோறு இறங்காது. அவர் ஷிஃப்டு முடிஞ்சு நல்லபடியா வந்துட்டாருன்னு சொல்றது அது ஒண்ணுதானே?"

பிச்சாண்டி அசையாமல் நின்றார். வாசலில் நிற்கும் சொர்ணம் அவருக்குத் தெரிந்தாள். சட்டைக்காகக் கையை நீட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக. அந்தச் சிரிப்பு எதற்கு என்று அத்தனை வருடத்தில் அவர் கேட்டதே இல்லை.

அவருடைய முகம் நனைந்திருந்தது. அதைப் பார்க்கக்கூடியவள் அங்கே செண்பகம் மட்டும்தான். அவள் சல்லடையை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். லூர்துமேரி, தன் புறங்கையில் விழுந்த துளியைத் துடைக்காமல், அவர் கையை விடாமல், நின்றுகொண்டே இருந்தார்.

*

மறுநாள் காலையில் பிச்சாண்டி அம்மையிடம் வந்தார். குளித்து, வேட்டி மாற்றியிருந்தார். அம்மை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"அம்மா, வந்த அன்னைக்கு ஒண்ணு கேட்டேன். அதுக்கு இனிமே பதில் வேணாம்."

"சரி."

"இப்ப வேற ஒண்ணு இருக்கு."

"கேளுங்க."

"சொர்ணத்துக்கு நான் நன்றி சொல்லணும். ராத்திரி பூரா அது ஒண்ணுதான் நெஞ்சுல நிக்குது. வாசல்ல நின்னதுக்குச் சொல்லணும். சட்டையை வாங்கினதுக்குச் சொல்லணும். ஸ்பூன் தொலைஞ்சு போச்சுன்னு சொன்னா பாருங்க, அதுக்குச் சொல்லணும். என் நன்றி நிறைஞ்சு கிடக்கும்மா. ஆனா வாங்கிக்க அவ இல்ல. இதை நான் எங்கே கொண்டுபோய்க் கொடுக்கறது?"

அம்மை துணியைப் பிழியாமல் கல்லின் மேல் வைத்தார்.

"எனக்கு இன்னொரு பாடம் பாக்கி இருக்கு," என்றார். "தாள்ல நாரும் நாரும் எப்படி ஒட்டுது? பசை போடறீங்களா?"

"இல்லம்மா. பசை கிடையாது."

"பின்னே?"

"தண்ணிதான் ஒட்ட வைக்குது. ஈரத்துல நார் எல்லாம் மிதந்துக்கிட்டுத் தனித்தனியாத்தான் இருக்கும். தண்ணி வெளியே போகப் போக, பக்கத்துல பக்கத்துல இருக்கற நாரை இழுத்துக்கிட்டே போகும். கடைசித் தண்ணி போறப்போ ரெண்டையும் நெருக்கிச் சேர்த்துட்டுத்தான் போகும். அப்புறம் பிரிக்க முடியாது."

சொல்லி முடித்தவர், வாயைத் திறந்தபடியே நின்றார்.

கிணற்றுக் கயிற்றில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அம்மை அதை விரட்டவில்லை.

"கடைசியில சொர்ணத்துக்குப் பக்கத்துல யாரு இருந்தாங்க?" என்று கேட்டார்.

"நானும், என் மக பூங்கோதையும்."

"பூங்கோதை எங்கே இருக்கா?"

"கீழே, பஸ் ஏறினா மதியத்துக்குள்ள போயிடலாம்."

"பஸ் எப்ப?"

"இப்ப வர்ற நேரம்தான்."

அம்மை மறுபடி துணியைக் கையில் எடுத்தார். பிச்சாண்டி நாலு எட்டு வைத்தார். நின்றார். திரும்பி வந்தார்.

"அம்மா, நான் போய் இதையெல்லாம் சொன்னா அவ அழுவா. அவங்க அம்மாவை நினைச்சு அழுதான்னா, நான் என்ன பண்ணட்டும்? எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாதும்மா. சின்ன வயசுலேருந்தே அவ அழுதா எனக்குக் கை ஓடாது. அவசரமாத் துடைச்சுவிட்டு, 'அழாத, அழாத'ன்னுதான் சொல்வேன்."

"இப்பத் துடைக்காதீங்க," என்றார் அம்மை.